திறக்க முடியும் என்பதால் திறக்கலாமா?

அமானிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பணமும் நகையும்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது நம்பிக் கொடுத்துவிட்டுப் போன முடிச்சை, அவர் திரும்பி வந்ததும் அவிழ்க்காமல் அப்படியே ஒப்படைத்துவிட்டால் அமானிதத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று நிம்மதி அடைகிறோம். ஷரீஅத்தின் பார்வையிலோ அமானிதம் இதைவிட மிக விரிந்தது. பதவி அமானிதம். பொறுப்பு அமானிதம். ஒருவர் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நம்மிடம் ஒன்றைச் சொன்னால் அந்தப் பேச்சே அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

இந்த வரிசையில் நம் காலத்தில் மேலும் ஓர் அமானிதம் வந்து சேர்ந்திருக்கிறது. அலுவலகத்திலும் கடையிலும் மதரஸாவிலும் மஸ்ஜித் நிர்வாக அறையிலும் பலர் சேர்ந்து உபயோகிக்கும் கம்ப்யூட்டரின் சாவிதான் அது. இரும்புச் சாவியன்று; பாஸ்வேர்டு எனப்படும் கடவுச்சொல். ஒரே இயந்திரத்தில் பத்துப் பேர் வேலை செய்தாலும் அவரவருக்குத் தனித்தனிக் கணக்கு இருக்கும். சாதாரணக் கணக்கு உள்ளவர் தம் வேலையை மட்டுமே பார்க்க முடியும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்னும் நிர்வாகிக் கணக்கு உள்ளவரோ புதிய கணக்குகளை உண்டாக்கலாம், இருப்பதை நீக்கலாம், மற்றவர்களின் கடவுச்சொற்களை மாற்றலாம், அவர்களுடைய கோப்புகளையும் திறந்து பார்க்கலாம். அந்த இயந்திரத்துக்குள் அவருக்குப் பெரும்பாலும் தடையே கிடையாது.

இங்கேதான் நாம் சிந்திக்கக் கடமைப்பட்ட வினா எழுகிறது. ஒருவரால் திறக்க முடியும் என்பது, அவர் திறக்கலாம் என்பதற்கு ஆதாரமாகுமா?

கஃபாவின் சாவி

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, கி.பி. 630-இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. கஃபாவின் சாவி அப்போது உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடம் இருந்தது. ஹிஜ்ரத்துக்கு முன்னர் ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் கஃபாவினுள் நுழைய நாடியபோது இதே உஸ்மான் தடுத்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இப்போதோ மக்கா முழுவதும் நாயகம் (ஸல்) அவர்களின் கரத்தில். சாவி பெறப்பட்டது, கஃபா திறக்கப்பட்டது, சிலைகள் அகற்றப்பட்டன. ஹாஜிகளுக்கு நீர் புகட்டும் பொறுப்பு அப்பாஸ் (ரலி) அவர்களின் குடும்பத்தில் இருந்தது. அத்துடன் சாவியின் பொறுப்பையும் சேர்த்துத் தம் குடும்பத்துக்கே தரும்படி நாயகத்தின் நெருங்கிய உறவினர்கள் வேண்டினர் என்றும் அறிவிக்கப்படுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. உஸ்மானை அழைத்து அவரிடமே சாவியைத் திரும்ப ஒப்படைத்தார்கள். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் சேர்த்துவிடுமாறு கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் இதையொட்டி அருளப்பட்டது என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர். இன்றளவும் அச்சாவி ஷைபா குடும்பத்தாரிடமே இருந்து வருகிறது.

இந்நிகழ்ச்சியில் நமக்குப் பல படிப்பினைகள் உள்ளன. எடுத்துக்கொள்ளும் ஆற்றல் முழுமையாக இருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பது முதலாவது. சாவி ஒருவரிடமும் தண்ணீர்ப் பொறுப்பு வேறொருவரிடமுமாக, எல்லாம் ஒரே வீட்டில் குவியாமல் பிரிந்தே நின்றன என்பது இரண்டாவது. சாவி வைத்திருப்பவர் கஃபாவின் உரிமையாளர் ஆகிவிடவில்லை, அவர் காவலர் மட்டுமே என்பது மூன்றாவது. கம்ப்யூட்டர் துறையில் இன்று அதிகாரப் பகிர்வு என்று பாடம் நடத்துகிறார்களே, அதன் சாரம் முழுவதும் இங்கே இருக்கக் காண்கிறோம்.

ஆற்றல் வேறு, அனுமதி வேறு

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாயகம் (ஸல்) அவர்களின் அறைச் சுவரில் இருந்த ஒரு துவாரத்தின் வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது தலை கோதும் கருவி ஒன்று நாயகத்தின் கையில் இருந்தது. அவர் பார்ப்பதைத் தாம் முன்பே அறிந்திருந்தால் அதனாலேயே அவர் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். வீட்டினுள் நுழைய அனுமதி கேட்க வேண்டும் என்று சட்டமாக்கப்பட்டதே இந்தப் பார்வையின் காரணத்தால்தான் என்றும் விளக்கினார்கள்.

அந்த மனிதர் கதவை உடைக்கவில்லை. எதையும் எடுத்துச் செல்லவுமில்லை. துவாரம் அங்கே இருந்தது, கண் அவருக்கு இருந்தது, பார்த்தார். அவ்வளவே! இருந்தும் அது குற்றமாயிற்று. துவாரம் இருப்பது அனுமதியாகாது. நிர்வாகிக் கணக்கு என்பதும் இத்தகைய ஒரு துவாரமே. வேலைக்காக வைக்கப்பட்ட துவாரம்! பழுது பார்க்கவும், புதிய மென்பொருள் ஏற்றவும், மறந்துபோன கடவுச்சொல்லைப் புதுப்பித்துத் தரவும் அது தரப்பட்டது. உடன் வேலை செய்பவருடைய சம்பளம் எவ்வளவு, அவர் யாருக்கு என்ன கடிதம் எழுதினார், எந்த வைத்தியரைப் பார்த்தார் என்று அறிந்துகொள்ளத் தரப்படவில்லை. பிறருடைய கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பதைக் கண்டிக்கும் அறிவிப்பு ஒன்று அபூதாவூதில் உண்டு. அதன் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுவர். எனினும் மேலே சொன்ன ஸஹீஹான ஹதீஸும், துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனமும் நமக்குப் போதுமான ஆதாரங்கள்.

அவசியம் என்பது அதன் அளவுக்குள்ளேயே அனுமதிக்கப்படும் என்பது ஃபுகஹாக்கள் வகுத்த பொது விதி. மருத்துவர் காயத்தைப் பார்க்கலாம். காயம் இல்லாத இடத்தைப் பார்க்க அவருக்கு அனுமதியில்லை. நிர்வாகிக்கும் இதே சட்டந்தான். பழுதான கோப்பைச் சரி செய்ய அதைத் திறக்க வேண்டியிருந்தால் திறக்கட்டும். பக்கத்தில் இருக்கும் கோப்பைத் திறக்க அவரிடம் என்ன நியாயம் இருக்கிறது?

நெசவுத் தொழிலால் வாழும் ஊர்களில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. திருத்தணிக்கு அருகே ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். கூலிக்கு நெய்பவரின் வீட்டில் முதலாளியின் பாவும் நூலும் வந்து இறங்குகின்றன. தறி இவருடைய வீட்டில், நூல் இவருடைய கையில், கதவு இவருடைய பொறுப்பில்! ஆயினும் மீந்த நூல் யாருடையது என்று கேட்டால், பேரம் பேசியபோது என்ன முடிவாயிற்று என்றுதான் நேர்மையான நெசவாளர் பார்ப்பார். கையில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று அவர் எண்ணுவதில்லை. நூலில் உள்ள இந்தப் பேணுதல் எழுத்திலும் வேண்டாமா?

பூட்டுவது சந்தேகமாகுமா?

"முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்ள வேண்டும் அல்லவா? என்னைத் தடுத்துவிட்டு இன்னொருவருக்கு மட்டும் சாவி கொடுப்பது என்னைத் திருடனாகக் கருதுவதாகாதா?" என்று சிலர் மனம் நோகின்றனர். இது உதாசீனம் செய்யத்தக்க கேள்வியன்று.

அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சிகளை ஏற்படுத்துங்கள் என்று ஈமான் கொண்டவர்களை அழைத்தே அல்லாஹ் கட்டளையிடுகின்றான். எழுதுவது ஈமானை அவமதிப்பதாக இருந்தால் இக்கட்டளை வந்திருக்குமா? எழுத்து, கடன் கொடுத்தவரை மட்டுமன்று, வாங்கியவரையும் காப்பாற்றுகிறது. பூட்டும் அப்படித்தான். கணக்குக் கோப்பைத் திறக்க எனக்கு வழியே இல்லை என்றால், கணக்கில் ஒரு ரூபாய் குறையும் நாளில் என்மேல் ஒரு விரலும் நீளாது. பூட்டு நல்லவர்க்கு அவமானமன்று. அவருடைய மானத்துக்குக் கவசம்.

மேலும், மனித நஃப்ஸ் எப்படிப்பட்டது என்பதைக் கடவுச்சொல்லின் வரலாறே சொல்கிறது. அமெரிக்காவின் மாஸாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து உபயோகிக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று, ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் தலைமையில் 1961-இல் செயல்பட்டுக் காட்டப்பட்டது. அவரவர் கோப்பை அவரவரே பார்க்கக் கடவுச்சொல் அங்கே பயன்பட்டது. அடுத்த ஆண்டே, 1962-இல், ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட வாரத்துக்கு 4 மணி நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். இதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே கூறினார். அவர் கொள்ளைக்காரர் அல்லர், படித்தவர், ஆராய்ச்சியாளர். அவருக்குத் தேவை இருந்தது, வழி கிடைத்தது. இவ்விரண்டும் சேரும் இடத்தில் தக்வா ஒன்றே மனிதனைத் தடுக்கும். தக்வா தளரும் நேரத்துக்காகத்தான் பூட்டு.

சாவியைப் பகிர்வது தாராளமா, துரோகமா?

நம் அலுவலகங்களில் மிகச் சாதாரணமாக நடப்பது இது. "பாய், நான் ஜும்ஆவுக்குப் போய் வருகிறேன், என் பாஸ்வேர்டு இதுதான், நீங்களே முடித்துவிடுங்கள்" என்று நண்பரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். இதை உதவி என்று எண்ணுகிறோம். சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவர் நம்மிடம் வதீஆவாக, அதாவது பாதுகாக்கும்படி ஒப்படைத்த பொருளைத் தக்க காரணமோ உரியவரின் அனுமதியோ இன்றிப் பிறரிடம் கொடுத்து, அது பாழானால் நாம் ஈடு செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபீ மத்ஹபில் தம் குடும்பத்தாரிடம் வைத்துப் பாதுகாக்க இடமுண்டு. வெளியாரிடம் கொடுத்தால் பொறுப்பு ஏற்க வேண்டும். வகீலாக நியமிக்கப்பட்டவர், நியமித்தவரின் அனுமதியின்றித் தம் இடத்தில் மற்றொருவரை வகீலாக்கக் கூடாது என்பதும் பொதுவான விதி. கடவுச்சொல் நமக்குத் தரப்பட்டது நம்மை நம்பி. நம் நண்பரை நம்பியன்று. அவர் நம்மைவிட நல்லவராகவே இருக்கலாம். அவரை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பொருளுக்கு உரியவருடையது.

இந்த அலட்சியத்தின் விளைவுகள் சிறியவை அல்ல. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை ஒன்றில் நடந்த பெரும் மோசடி 2018 பிப்ரவரியில் வெளியாயிற்று. முதலில் அறிவிக்கப்பட்ட தொகையே சுமார் 11,400 கோடி ரூபாய். வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டின் கடவுச்சொல் உரிமையற்றவர்களிடம் பகிரப்பட்டதாகப் புலனாய்வில் கூறப்பட்டது. ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, மற்றொருவர் அனுமதிக்க வேண்டும் என்பது வங்கி முறை. மூன்று சாவிகளும் ஒரே கைக்கு வந்துவிட்டால் மூன்று பூட்டுகளால் என்ன பயன்? அதே ஆண்டு ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்துச் சில நிமிடங்களில் ஆதார் விவரங்களைப் பார்க்கும் கணக்கு ஒன்றைத் தம் நிருபர் பெற்றதாகச் சண்டிகரின் ட்ரிப்யூன் நாளிதழ் செய்தி வெளியிட்டது. கைரேகை முதலிய உடல் அடையாளங்கள் கசியவில்லை என்றும், குறைதீர்ப்பதற்காகத் தரப்பட்ட வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்றும் ஆதார் ஆணையம் விளக்கம் அளித்தது. அந்த விளக்கத்தையே எடுத்துக்கொண்டாலும், மக்களுக்கு உதவுவதற்கென்று தரப்பட்ட சாவி விலைக்குப் போயிற்று என்பதே பொருள்.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்ததைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். தம் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே நாயகத்தின் கேள்வி. பொறுப்பின் காரணமாகக் கைக்கு எட்டியதைத் தன் சொந்தமாக்கிக்கொள்ளும் ஒவ்வொருவரும் இக்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வக்ஃபின் கடவுச்சொல்

இது வங்கிகளின் விவகாரம், நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். வக்ஃபு சொத்துகளைப் பதிவு செய்வதற்காக மத்திய அரசு 2025 ஜூன் 6-இல் 'உமீத்' என்ற கம்ப்யூட்டர் தளத்தைத் தொடங்கியது. ஆறு மாத அவகாசம் அவ்வாண்டு டிசம்பர் 6-இல் முடிந்தபோது நாடு முழுவதும் 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் அதிகமான சொத்துகளின் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒப்புதல் பெற்றவை 2 லட்சத்து 16 ஆயிரத்துக்குச் சற்று அதிகம் என்று அரசு அறிவித்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் இக்கட்டுரையின் பொருளல்ல. பதிவின் முறையை மட்டும் கவனியுங்கள். விவரங்களை ஏற்றுபவர் முதவல்லி. அதைச் சரிபார்ப்பவர் வேறொருவர். ஒப்புதல் அளிப்பவர் மூன்றாமவர். முதவல்லி தம் கைபேசிக்கு வரும் எண்ணைக் கொண்டு உள்ளே நுழைகிறார்.

இப்போது ஓர் எல்லை ஊரின் முதவல்லியை எண்ணிப் பாருங்கள். திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. இத்தகைய இடங்களில் பழைய பத்திரம் தெலுங்கிலும், புதிய ரசீது தமிழிலும், பெரியவர்கள் எழுதி வைத்த குறிப்பு உர்தூவிலும் இருப்பதுண்டு. வயது முதிர்ந்த முதவல்லிக்கு இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றத் தெரியாது. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறார். அங்குள்ள தம்பி, "நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க பாய்" என்கிறார். சொல்லிவிடுகிறார். பூர்வீகர்கள் அல்லாஹ்வுக்கென அர்ப்பணித்த பள்ளிவாசல் நிலத்தின் எல்லையும் சர்வே எண்ணும் அந்த நேரத்தில் அத்தம்பியின் விரல் நுனியில் நிற்கின்றன.

இதைத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாதவர் தெரிந்தவரின் உதவியை நாடத்தான் வேண்டும். ஆனால், வக்ஃபின் சொந்தக்காரர் முதவல்லி அல்லர்; அவர் காவலர். ஆகவே உதவி பெறுவதிலும் காவல் இருக்க வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாமல், வேலை முடியும்வரை அருகில் இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்த ஜமாஅத்தார் இருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஏற்றிய விவரத்தை அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி மூலப் பத்திரத்துடன் ஒப்பிட வேண்டும். முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பத்திரங்களின் படங்களை அந்த இயந்திரத்திலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். விரலை இயக்குகிற தம்பிக்கும் கடமை உண்டு. கடன் பத்திரம் எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்று அல்பகராவின் 282-ஆம் வசனம் விதித்திருப்பது அவரையும் கட்டுப்படுத்தும்.

முதலாளியும் குடும்பத் தலைவரும்

"இயந்திரம் என்னுடையது. அதில் உள்ளதைப் பார்க்க எனக்கு உரிமையில்லையா?" என்று முதலாளி கேட்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டவரும் வீட்டின் சொந்தக்காரர்தான். அதற்காக வாடகைக்கு இருப்பவரின் அனுமதியின்றி உள்ளே நுழைந்துவிட முடியுமா? அலுவலக வேலை சம்பந்தமான கோப்புகளைப் பார்க்க முதலாளிக்கு முழு உரிமை உண்டு. அதை வேலைக்குச் சேரும் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே சரியான வழி. சொல்லாமல் ஒளிந்து பார்ப்பதும், வேலைக்குச் சம்பந்தமில்லாத அந்தரங்கத்தை ஆராய்வதும் மேலே கூறிய தடைக்குள் வந்துவிடும்.

வீட்டிலும் இப்படியே. சிறு பிள்ளைகளின் கைபேசியைக் கண்காணிப்பது பெற்றோரின் கடமை. நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பர், நம் பொறுப்பில் உள்ளோர் பற்றி வினவப்படுவோம் என்பது நபிமொழியின் கருத்து. ஆனால், எந்த ஆதாரமும் இன்றி வெறும் சந்தேகத்தால் கணவன் மனைவியின் கைபேசியையும், மனைவி கணவனுடையதையும் இரவில் திருட்டுத்தனமாகத் திறந்து பார்ப்பது கண்காணிப்பு அன்று, துருவி ஆராய்தல். அதனால் சீரடைந்த குடும்பம் எங்கே இருக்கிறது?

தற்செயலாகக் கண்ணில் பட்டால்

நிர்வாகி நேர்மையாகத் தம் வேலையைச் செய்யும்போதே ஒருவருடைய குறை கண்ணில் பட்டுவிடலாம். அது அவருடைய சொந்தக் குறையானால் மறைத்துவிட வேண்டும். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நற்செய்தி நமக்கு உண்டு. அது பிறருக்குத் தீங்கு செய்யும் காரியமானால், உதாரணமாகப் பணம் கையாடப்படுகிறது என்றால், மௌனம் கூடாது. தடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டும். புறம் பேசுதலில் விதிவிலக்கான ஆறு நிலைகளை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் விவரித்துள்ளார்கள். டீக்கடையில் சொல்வதற்கு அந்த ஆறில் எதிலும் இடமில்லை.

சாவியை ஒப்படைக்கும் நாள்

அமானிதம் என்றால் திருப்பிக் கொடுக்கும் நாள் ஒன்று உண்டு. வேலையை விட்டு நீங்குபவர் எல்லாக் கடவுச்சொற்களையும் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். சம்பளத் தகராறுக்காகக் கடவுச்சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்வது, தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக மற்றவர் நம்பி வைத்த நகையை அமுக்கிக்கொள்வது போன்றதே. பொறுப்பைப் பெற்றுக்கொள்பவரும் அன்றே கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும். அது போனவர் மீது சந்தேகமன்று; போனவரைப் பிற்காலப் பழியிலிருந்து விடுவிப்பது.

வேலையை விட்டு மட்டுமல்ல, இவ்வுலகை விட்டும் போக வேண்டியவர்கள் நாம். தம்மிடம் பிறருடைய வதீஆ இருக்கும் நிலையில் மரண நோய் கண்டவர் அதைப் பற்றி வஸிய்யத் செய்தாக வேண்டும்; செய்யாமல் அது அழிந்தால் பொறுப்பாவார் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மஸ்ஜிதின் கணக்கு, மதரஸாவின் கணக்கு, வக்ஃபின் பதிவு ஆகியவற்றின் கடவுச்சொல் ஒரே ஒருவர் மனத்தில் மட்டும் இருந்து, அவர் திடீரென மறைந்துவிட்டால் ஜமாஅத் என்ன செய்யும்? உறையிலிட்டு முத்திரை வைத்து, ஜமாஅத்தார் அறிய ஓர் இடத்தில் வைப்பது இன்றைய வஸிய்யத்தின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

கம்ப்யூட்டரில் யார், எப்போது, எதைத் திறந்தார் என்று குறித்து வைக்கும் பதிவேடு உண்டு. நிர்வாகியின் தனிச் சோதனை இதுதான்: மற்றவர்கள் அந்தப் பதிவேட்டுக்குப் பயப்படுவார்கள், பல இடங்களில் அவரால் அதையே அழித்துவிட முடியும். அவரைக் கண்காணிக்கக் கீழே யாரும் இல்லாத அந்த இடத்தில்தான் அவருடைய ஈமானின் எடை தெரியும். கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டுக்கு நிர்வாகிக் கணக்கு எவருக்கும் தரப்படவில்லை. எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூஸுஃப் (அலை) அவர்கள் தம் தகுதியாகக் கூறியவை இரண்டு: பாதுகாப்பவர் என்பதும், அறிந்தவர் என்பதும். கம்ப்யூட்டர் அறிவு இன்று நம் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. பாதுகாக்கும் பண்பை வீட்டிலும் மதரஸாவிலும் நாம்தான் ஊட்டியாக வேண்டும்.

நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட சாவிகள் அனைத்தையும், கண்ணுக்குத் தெரிபவற்றையும் தெரியாதவற்றையும், அவற்றின் உரிமை குறையாமல் காத்து உரியவரிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.